யார் மேல் படக்கூடாது

நவம்பர் 4. மழை 35 சென்ட் (நூறு சென்ட் ஒரு அங்குலம்).

தேர்தல் முடிந்து பதினோரு நாள் கழித்து இன்றுதான் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு தேர்தலுக்கும் லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். இந்த மலையில் காப்பிச் செடியையும் மிளகுக் கொடியையும் தவிர வேறு எதையும் பார்க்காதவன் நான். எந்தக் கட்சிக்காரனைச் சுடப்போகிறேன் என்று பயப்படுகிறார்களோ தெரியவில்லை. சாவி வைத்திருப்பவர் இருந்தால் கையெழுத்துப் போடுபவர் இல்லை, அவர் இருந்தால் இவர் இல்லை. மூன்று நடை அலைந்தாயிற்று. கடைசியில் ரைட்டர் முருகவேள்தான் இரக்கப்பட்டு எடுத்துக் கொடுத்தார்.

இன்ஸ்பெக்டரும் கூப்பிட்டுப் பேசினார். ஊத்துப்பாறைத் தோட்டத்தில் போன மாதம் தங்கப்பாண்டியையும் அவர் மனைவியையும் கட்டிப்போட்டு மிளகு மூட்டைகளை அள்ளிக்கொண்டு போன கும்பல் இன்னும் பிடிபடவில்லை. வாயில் துணி அடைத்ததில் தங்கப்பாண்டி மூச்சு முட்டிச் செத்துப்போனார். என் வயதுதான், அறுபத்தொன்று. "லைசென்ஸ் வச்சிருக்கவங்க தயாரா இருங்க. ஆனா முதல்ல சத்தம் போடுங்க, அப்புறம் வானத்தைப் பாத்துச் சுடுங்க. மத்ததெல்லாம் அதுக்கப்புறம்" என்றார் இன்ஸ்பெக்டர். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

ரைஃபிளை அலமாரியில் வைக்கும்போது இந்திராணி வாசலில் நின்று பார்த்தாள். "அது அங்கயே இருந்திருக்கலாம்" என்றாள். முப்பது வருஷமாக என்னோடு குடும்பம் நடத்துகிறாள், எனக்குப் பிடிக்காததைச் சொல்லாமல் ஒரு பொழுது போகாது.

நவம்பர் 6. மழை 10 சென்ட்.

பெட்டியில் ஆறு தோட்டா இருந்தது. அப்பா காலத்தில் வாங்கியது. பித்தளையில் பச்சை பூத்திருந்தது. கீழ்ப்பள்ளத்துப் பலாமரத்தில் மூன்றை வைத்துப் பார்த்தேன். முதல் இரண்டும் டிக் என்றன, அவ்வளவுதான். மூன்றாவது வெடித்தது, ஆனால் பலாமரத்துக்கு எதுவும் ஆகவில்லை. நாலு பேர் கடப்பாரையோடு உள்ளே வரும்போது டிக் என்றால் என் கதி என்ன? புதுத் தோட்டா வாங்கியே ஆகவேண்டும்.

சத்தம் கேட்டு நாய் ஓடி வந்தது. நல்ல கோம்பை நாய், செம்பட்டை நிறம், கன்றுக்குட்டி உயரம். தெரியாத ஆள் கேட்டில் கை வைத்தால் போதும், மலையே அதிரும். ஒரே குறை, பெயர். குட்டியாகக் கொண்டுவந்தவள் வைத்த பெயர் லட்டு. இப்படி ஒரு நாய்க்கு வைக்கிற பெயரா அது? அவள் போன பிறகு டைகர் என்று மாற்றினேன். இரண்டு வருஷமாகக் கூப்பிடுகிறேன், காதைக்கூட அசைக்க மாட்டேன் என்கிறது.

நவம்பர் 9. மழை இல்லை. மூடுபனி.

மதுரைக்குப் போனேன். துப்பாக்கிக் கடை உதுமான் பாய்க்கு என் அப்பாவைத் தெரியும். லைசென்ஸ் புத்தகத்தைப் புரட்டினார். காலித் தோட்டா கொண்டுவந்தீர்களா என்று கேட்டார். சுட்டதற்குக் காலி உறையைக் காட்டினால்தான் புதிது என்பது அவர்கள் வழக்கம். பலாமரத்தைச் சுட்டதைக் கொடுத்தேன்.

"எதுக்கு சார் தோட்டா?"

"அவசரத்துக்கு. தற்காப்புக்கு."

கண்ணாடிப் பெட்டியின் மேல் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்றின் முனை முழுக்கச் செம்பு மூடியிருந்தது. மற்றதில் நுனியில் ஈயம் கொஞ்சம் வெளியே தெரிந்தது. முதலாவதற்கு ஹார்டு, இரண்டாவதற்கு சாஃப்ட் என்று பெயராம். பெயரைக் கேட்டு ஏமாந்துவிடக் கூடாது. ஹார்டு ஊசி மாதிரி துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும். சாஃப்ட் உள்ளே போனதும் விரிந்து, பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். கதவுக்குப் பின்னால் நிற்பவனையும் பிடிக்க வேண்டுமே, அதனால் ஹார்டு கொடுங்கள் என்றேன்.

பாய் கொடுக்கவில்லை. "வீடு எதுல கட்டினது?"

"பலகை வீடு. மேலே தகரம்."

"யாரைச் சுடப்போறீங்கன்னு நான் கேக்கல சார். அது உங்க பாடு, போலீஸ் பாடு. யார் மேல படக்கூடாது? அதைச் சொல்லுங்க. அதை வச்சுத்தான் தோட்டா எடுக்கணும்."

"என் மனைவி இருக்கிறாள்."

"பிள்ளைங்க?"

இல்லை என்றேன். யோசித்து வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வரும்போது மணி ஐந்து. எதிரே நிற்கிற ஆள் தெரியாத மூடுபனி. அதிலே போய் இந்திராணி மஞ்சள் போர்வையைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறாள். "இந்தப் பனியிலே எது காயும்? உனக்குப் புத்தி இருக்கா?" என்று கேட்டேன். எடுத்து மடித்து உள்ளே கொண்டுபோனாள்.

நவம்பர் 10. மழை 5 சென்ட்.

பின்பக்கத் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே சேற்றில் கால்தடம். அடுப்படி வாசல் வரை வந்து திரும்பிப் போயிருக்கிறது. கீழ் ரோட்டுப் பஸ் நிறுத்தத்திலிருந்து காப்பிச் செடிகளுக்கு ஊடே ஏறி வருகிற ஒற்றையடிப் பாதை அது. நம் ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

"காய் பறிக்கிற பொம்பளைங்க தண்ணி குடிக்க வந்திருப்பாங்க" என்றாள் இந்திராணி. பறிக்கிற பெண்கள் யாரும் செருப்புப் போட்டுக்கொண்டு சரிவில் ஏறமாட்டார்கள், வழுக்கும். இது செருப்புத் தடம். அடியில் பூப்போட்ட செருப்பு. பேனாவை வைத்து அளந்தேன். ஒரு பேனாவும் அரைப் பேனாவும். சின்னக் கால்.

கும்பல்காரர்கள் முதலில் ஒரு சின்ன ஆளை வேவு பார்க்க அனுப்புவார்கள் என்று ஊத்துப்பாறைப் பக்கம் பேசிக்கொண்டார்கள். நான் மதுரைக்குப் போன நாளாகப் பார்த்து வந்திருக்கிறான். பின்வாசல் தாழ்ப்பாளை மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன், எழுதுவதற்கு வெட்கமில்லை.

நாய் ஏன் குரைக்கவில்லை?

நவம்பர் 11. மழை இல்லை.

எழுத ஒன்றுமில்லை.

நவம்பர் 14. மழை 22 சென்ட்.

மூன்று நாளாகத் தோட்டா யோசனைதான். பல் தேய்க்கும்போதும் அதுதான், காப்பிப் பழம் எடை போடும்போதும் அதுதான். என் படுக்கையறைக்கும் கூடத்துக்கும் நடுவே முக்கால் அங்குலப் பலகை. கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே அதே பலகை. அடுப்படிக்கு அந்தப் பக்கம் இன்னொரு பலகை, அதில் பின்வாசல். ஹார்டு என்றால் முன்வாசலில் நின்று சுட்டாலும் மூன்று பலகையையும் தாண்டிப் பின்பாதை வரை போகும். அதுவும் ஒரு வசதிதான் என்று நேற்றுத் தோன்றியது. இன்று வேண்டாம் என்று தோன்றுகிறது.

இந்திராணி என் பழைய வேட்டிகள் நாலைந்தைச் சதுரம் சதுரமாகக் கிழித்து வெந்நீரில் போட்டு அலசிக் காயவைத்திருக்கிறாள். எதற்கு என்று கேட்டால் அடுப்படி துடைக்கிற துணியாம். அடுப்படி துடைக்க இத்தனை வெள்ளையா? பருத்தி நன்றாக நைந்து பூ மாதிரி இருக்கிறது. இரண்டு துண்டை ரைஃபிள் துடைக்க எடுத்துக்கொண்டேன். பதறிப்போய்ப் பிடுங்கினாள். "எண்ணெய் பட்டா போகாதுங்க" என்று சொல்லி, வேறு துணி கொடுத்தாள்.

நவம்பர் 17. மழை இல்லை. மூடுபனி.

வாங்கிவிட்டேன். பத்துத் தோட்டா, எல்லாம் சாஃப்ட்.

பாய் சொன்னது நியாயமாகப் பட்டது. "பலகை வீட்டுக்குள்ள ஹார்டு சுடுறது கண்ணைக் கட்டிக்கிட்டுச் சுடுற மாதிரி. முன்னால நிக்கிறவனோட முடியாது. பின்னால நிக்கிறவங்களையும் சேத்துக் கொண்டுபோயிடும். இதுன்னா முன்னால இருக்கிறவனோட நின்னுடும். சத்தியம் பண்ணிச் சொல்ல மாட்டேன், தோட்டாவுக்கு யார் பேச்சும் தெரியாது. ஆனா நின்னுடும்" என்றார். அவர் சொன்ன இன்னொரு காரணமும் எனக்குப் பிடித்தது. பட்டவன் எழுந்து நடக்க மாட்டான்.

பணம் வாங்கும்போது மறுபடியும் கேட்டார், "வீட்ல நீங்க ரெண்டு பேர் மட்டும்தானே?" ஆமாம் என்றேன். ஒரே கேள்வியை எத்தனை தடவைதான் கேட்பார் மனுசன்.

திரும்பி வந்தால் மறுபடியும் கொடியில் மஞ்சள் போர்வை. தண்ணீர் சொட்டிக்கொண்டு தொங்குகிறது. பின்பாதையில் மறுபடியும் தடம், அதே பூ. நாய் வாயில் பிஸ்கட் தூள். வருகிறவன் நாயைப் பழக்கிவைத்திருக்கிறான். நான் வீட்டில் இல்லாத நாளாகப் பார்த்து வருகிறான். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

நவம்பர் 18. மழை இல்லை.

மேஸ்திரி சின்னாண்டியைக் கூப்பிட்டு விசாரித்தேன். இருபது வருஷமாக இந்தத் தோட்டத்தில் ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவன். கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"நாய் கொரைக்கலைன்னா திருடன் இல்லீங்கய்யா."

"அப்ப யாரு?"

"எனக்கு எப்படிங்க தெரியும். நாய்க்குத் தெரிஞ்ச ஆளா இருக்கும்."

"நாய்க்குத் தெரிஞ்ச ஆள் எனக்குத் தெரியாத ஆளா?"

அதற்கு அவன் தரையைப் பார்த்தான். பிறகு, "ஐயா, அந்தத் துப்பாக்கியை மட்டும் பெட்டியிலயே வச்சிருங்க. ஆளுங்க நடமாடுற தோட்டம்" என்றான். யாருக்கு யார் புத்தி சொல்வது? போய் வேலையைப் பார் என்று விரட்டினேன்.

நவம்பர் 20. மழை 48 சென்ட்.

இந்திராணி வத்தலக்குண்டு சந்தைக்குப் போய்வந்தாள். பையில் பச்சைக் கண்ணாடி வளையல் இரண்டு டஜன். எடுத்துப் பார்த்தேன். இவள் கைக்கு ஏறவே ஏறாது, அத்தனை சின்ன அளவு. "கடைக்காரன் ஏமாத்திட்டான், மாத்திட்டு வா" என்றேன். சரி என்றாள். மாற்றப் போகிறவள் மாதிரித் தெரியவில்லை, பத்திரமாகத் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்தாள்.

சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்து தோட்டாக்களைத் துடைத்தேன். எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, வர்றது யாரா இருந்தாலும் சுட்டுருவீங்களா?"

"யாரா இருந்தாலும்."

"முகத்தைப் பாக்காமயா?"

"ஒளிஞ்சு வர்றவனுக்கு முகம் எதுக்கு?"

எழுந்தாள். போகவில்லை, அங்கேயே நின்றாள். என்ன என்று கேட்டேன். "அன்னைக்குக் கேட்டுல நின்னு ஒண்ணு சொன்னீங்களே, அது இன்னும் மனசுல இருக்கா?" என்றாள்.

இருக்கிறது. தண்ணீர் மோட்டார் பழுதுபார்க்க வந்தவனோடு போய்த் தாலி கட்டிக்கொண்டு, நாய்க்குப் பெயர் வைத்தவள் மாலையோடு கேட்டில் வந்து நின்ற நாள். இந்தக் கேட்டைத் தாண்டி ஒரு அடி வைத்தால் சுட்டுவிடுவேன் என்று சொன்னேன். ஊரே கேட்டது. கோபத்தில் சொன்னதுதான், ஆனாலும் சொன்னது சொன்னதுதான். இதைத்தான் இந்திராணியிடமும் சொன்னேன். அவள் உள்ளே போய் அடுப்பை ஊதினாள். எரிகிற அடுப்பை எதற்கு ஊதுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

நவம்பர் 22. மழை 15 சென்ட்.

திட்டம் போட்டுவிட்டேன். நான் இல்லாதபோதுதானே வருகிறான்? அப்படியென்றால் இல்லாமல் போனால் போயிற்று. நாளை மறுநாள் காப்பிப் பழத் தோல் உரிக்கிற பல்ப்பர் மிஷினுக்குச் சாமான் வாங்கத் திண்டுக்கல் போகிறேன், வரப் பொழுது சாய்ந்துவிடும் என்று சொன்னேன். இந்திராணி முகம் தெளிந்ததைப் பார்த்தேன். "கண்டிப்பாப் போறீங்கள்ல?" என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு மாடத்துக்குப் பக்கத்தில் போய் நின்று யாருக்கோ போன் பேசினாள். அவள் தங்கச்சியாம்.

ஜீப்பை மூன்றாவது வளைவில் நிறுத்திவிட்டு, செடிகளுக்குள்ளேயே நடந்து வந்து, பல்ப்பர் கொட்டகையில் உட்கார்ந்துவிடலாம். அங்கிருந்து பின்பாதை நேராகத் தெரியும். ரைஃபிளைச் சாக்கில் சுற்றி நாளைக்கே ஜீப்பில் வைத்துவிடுவேன்.

நவம்பர் 23. மழை இல்லை.

அடுப்படியில் இன்று ஒரே அமளி. புளி ஊறுகிறது, எலுமிச்சை பிழிந்து வைத்திருக்கிறது, தேங்காய் துருவிக் குவிந்திருக்கிறது, எள் வறுக்கிற வாசனை. இருக்கிறது இரண்டு பேர். எத்தனை வகைச் சோறு கிளறப்போகிறாள்? "நாளைக்கு நீங்கதான் ஊர்ல இல்லையே, எனக்குத் தோணினதைச் சமைச்சுச் சாப்பிடுறேன்" என்றாள். சிரித்தாள்கூட. அவள் சிரித்துப் பார்த்து இரண்டு வருஷம் இருக்கும்.

எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

நவம்பர் 24.

ஒரு தோட்டா சுட்டேன். நாய் செத்துவிட்டது. கத்தினேன், பிறகுதான் சுட்டேன். மழை அளக்கவில்லை.

நவம்பர் 25. மழை 60 சென்ட், நேற்றையதும் சேர்த்து.

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்க வேண்டும். நாளைக்கு யாராவது கேட்பார்கள்.

நேற்றுக் காலை ஒன்பதரைக்கு ஜீப்பை எடுத்தேன். கேட்டைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். அதற்குள் இந்திராணி மஞ்சள் போர்வையோடு கொடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். மூன்றாவது வளைவில் வண்டியைச் செடிமறைவில் நிறுத்தினேன். பத்தரை மணிக்குக் கொட்டகைக்குள் இருந்தேன். புளித்த காப்பித் தோல் நாற்றம். காப்பித் தோல் மூட்டையின் மேல் ரைஃபிளைச் சாய்த்து, ஐந்து தோட்டா போட்டேன்.

மூன்று மணிக்கு மேல் மூடுபனி இறங்கியது. முதலில் கீழ்ச்சரிவு போயிற்று, அப்புறம் தண்ணீர்த் தொட்டி, அப்புறம் களம். சவுக்கு மரங்கள் மட்டும் கரிக்கோடு போல நின்றன. மூன்றே முக்காலுக்கு நாய் அடுப்படி வாசலிலிருந்து குரைக்காமல் பாதையில் இறங்கி ஓடியது. கீழே யாரோ மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வருகிற சத்தம். நிற்பதும் ஏறுவதும் நிற்பதுமாக, நடக்க முடியாத ஆள் மாதிரி. பனிக்குள் ஒரு உருவம் தெரிந்தது. தலையில் துணி போட்டிருந்தது. நாய் அதைச் சுற்றிச் சுற்றிக் குதித்தது.

நான் குழலை நேர்செய்தேன். காப்பித் தோல் சரசரத்திருக்க வேண்டும். நாய் என் வாசனையைப் பிடித்துவிட்டது. திரும்பி என்னை நோக்கி ஓடி வந்தது, வாலை ஆட்டிக்கொண்டு. எசமான் ஒளிந்து விளையாடுகிறான் என்று நினைத்ததோ என்னவோ. அதற்குப் பின்னால், நேர்கோட்டில், அந்த உருவம்.

வெடித்தது.

நாய் அப்படியே முன்னங்கால் மடிந்து உட்கார்ந்தது. "லட்டு" என்று ஒரு அலறல். அந்தக் குரல் எனக்குத் தெரியும். பிறந்த நாளிலிருந்து தெரியும். இந்திராணி அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். அவள் கொட்டகைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நேராகப் பாதைக்குப் போனாள். இரண்டு பேரும் சேற்றில் உட்கார்ந்திருந்தார்கள். ஏழு மாத வயிறு. அதன் மேல் இரண்டு கையையும் வைத்து மூடிக்கொண்டு, அவள் நாயைப் பார்த்தே அழுதாள்.

தோட்டா நாயின் நெஞ்சில் புகுந்து உள்ளேயே நின்றுவிட்டது. பின்பக்கம் காயம் இல்லை. நான் புரட்டிப் பார்த்தேன்.

ஏழாம் மாதம் பிறந்த வீட்டில் வளையல் போட வேண்டும். ஐந்து வகைச் சோறு வைத்து, அம்மா கையால் வளையல் ஏற்றி அனுப்ப வேண்டும். வாசல் வழியாக வர முடியாதவள் அடுப்படி வழியாக வந்திருக்கிறாள். அதற்குத்தான் இத்தனை நாளாக ஏற்பாடு. இது இந்திராணி சொன்னது. சத்தம் போடாமல், சோற்றுக் கணக்குச் சொல்வது மாதிரிச் சொன்னாள். பிறகு பெட்டியில் இரண்டு புடவையும் அந்த வெள்ளைத் துணிகளையும் எடுத்துவைத்தாள்.

"நான் கத்தினேன்டி, உங்களுக்குத்தான் கேக்கலை" என்றேன்.

"பொண்ணு பின்னால நின்னா. நாய் முன்னால வந்துச்சு. அவ்வளவுதாங்க வித்தியாசம்" என்றாள். சத்தம் கேட்டு ஓடி வந்த சின்னாண்டியின் தோளைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் பின்பாதையில் இறங்கிப் போனார்கள். முன்கேட்டு திறந்தேதான் இருந்தது.

நவம்பர் 26. மழை 20 சென்ட்.

நாயைப் பலாமரத்தடியில் சின்னாண்டி புதைத்தான். நான் மண்வெட்டியைக் கேட்டேன், கொடுக்கவில்லை. வேலையை முடித்துவிட்டு, நாளையிலிருந்து வரவில்லை என்றான். இருபது வருஷம். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அடுப்படியில் ஐந்து பாத்திரமும் மூடியபடி இருக்கின்றன. திறந்து பார்க்கத் தைரியமில்லை.

நவம்பர் 27. மழை இல்லை.

ஸ்டேஷனுக்குப் போனேன். சுட்ட தோட்டாவுக்குக் காலி உறையும் காரணமும் எழுதிக் கொடுக்க வேண்டும். காலையில் கொட்டகையில் உறையை எடுத்துக்கொண்டு பாதை வழியாக வந்தபோது பச்சை வளையல் துண்டுகள் நாலைந்து கிடைத்தன. இந்திராணி இன்னொரு கையில் வைத்துக்கொண்டே ஓடி வந்திருக்கிறாள் போல. அவற்றையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

ரைட்டர் முருகவேள் தாளை நீட்டினார். என் முகத்தைப் பார்த்து ஏதோ புரிந்துகொண்டார், அல்லது சின்னாண்டி மூலமாகக் காதுக்கு வந்திருக்கும். யாரும் புகார் கொடுக்கவில்லை.

"காட்டுப்பன்னி வந்துச்சு, தவறி நாய் மேல பட்டுருச்சுன்னு எழுதுங்க சார். வழக்கமா எல்லாரும் அப்படித்தான் எழுதுறாங்க. உங்களுக்கும் தொந்தரவில்லை, எங்களுக்கும் இல்லை."

பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. வீட்டில் எழுதிக் கொண்டுவருகிறேன் என்று தாளை வாங்கி வந்துவிட்டேன்.

நவம்பர் 28. மழை இல்லை.

முதலில் இதை எழுதுகிறேன். அப்புறம் அந்தத் தாள்.

நவம்பர் 11 அன்று எழுத ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறேன். பொய். அன்று மத்தியானம் இந்திராணி குளிக்கப் போனபோது, பூட்டிக் கிடந்த மகள் அறையைத் திறந்தேன். கட்டிலுக்கு அடியில் அவளுடைய பழைய செருப்பு ஜோடி இருந்தது. ஒன்றை எடுத்துக்கொண்டு போய்ச் சேற்றில் இருந்த தடத்தின் மேல் வைத்தேன். அளவு சரியாகப் பொருந்தியது. அடியில் அதே எட்டு இதழ்ப் பூ. செருப்பைக் கழுவி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.

தெரிந்துகொண்டுதான் 17ஆம் தேதி மதுரைக்குப் போனேன். தெரிந்துகொண்டுதான் பாயிடம் ஆமாம் என்று சொன்னேன். வேட்டித் துணி எதற்கு என்று எனக்கா தெரியாது? அவள் பிறந்தபோதும் நாங்கள் அப்படித்தானே கிழித்து வைத்தோம். வளையல் யார் கைக்கு என்று தெரியாமலா இருந்தேன்? ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு, வருகிறான் வருகிறான் என்று இந்த நோட்டில் எழுதினேன். பட்டவன் எழுந்து நடக்க மாட்டான் என்று எழுதிய கையும் இதுதான்.

பயமுறுத்தத்தான் போனேன் என்று எழுதினால் எனக்கு நன்றாக இருக்கும். என் வீட்டில் என்னை மட்டும் விட்டுவிட்டு அம்மா, மகள், மேஸ்திரி மூன்று பேரும் ஒரு நாயும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஆத்திரமாக இருந்தது. கேட்டில் நின்று அப்பா என்று ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் என்ன என்று இருந்தது. சுடுவேன் என்று சொன்னவனை எப்படிக் கூப்பிடுவாள் என்று அப்போது தோன்றவில்லை. விரல் அழுத்தியபோது மனதில் என்ன இருந்தது என்று எத்தனை தடவை யோசித்தாலும் பிடிபடவில்லை. ஒன்று மட்டும் நிச்சயம். நான் கத்தவில்லை.

யார் மேல் படக்கூடாது என்று பாய் கேட்டபோது உண்மையைச் சொல்லாமலேயே சரியான தோட்டாவை வாங்கி வந்திருக்கிறேன். முதல் நாள் ஆசைப்பட்டபடி ஹார்டு வாங்கியிருந்தால் அது நாயோடு நின்றிருக்காது. இந்த வரியை இரண்டு தடவை அடித்துவிட்டு எழுதியிருக்கிறேன்.

ஸ்டேஷன் தாளை நிரப்பிவிட்டேன். எத்தனை தோட்டா: ஒன்று. எதன் மேல் பட்டது: என் நாய் லட்டு. காரணம் என்ற கட்டத்தில் பன்றி என்று எழுதவில்லை. 'பின்பாதையில் வருவது என் மகள் மதுமதி என்று தெரிந்தும், எச்சரிக்காமல் சுட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இரண்டு வருஷத்தில் அந்தப் பெயரை இன்றுதான் எழுதுகிறேன். படித்துவிட்டு முருகவேள் என்ன செய்வார் என்று தெரியாது. உடனே வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

நாளைக் காலை ரைஃபிளையும் மிச்சம் ஒன்பது புதுத் தோட்டாவையும் பழையவற்றையும் எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன். அலமாரிச் சாவி அரிசிப் பானைக்குள், மிச்ச வளையல்களோடு இருக்கிறது. முன்கேட்டைத் திறந்து கல் வைத்துவிட்டுப் போவேன்.

மஞ்சள் போர்வை 24ஆம் தேதியிலிருந்து கொடியிலேயே கிடக்கிறது. இன்று நல்ல வெயில், காய்ந்துவிட்டது. எடுத்து மடிக்கலாம் என்று கொடி வரை போனேன், பிறகு விட்டுவிட்டேன். அது அங்கேயே இருக்கட்டும். அது தொங்கினால் நான் வீட்டில் இல்லை என்று கீழ் ரோட்டிலிருந்தே மகளுக்குத் தெரியும்.